திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: வீடும் வண்டி விட இடமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இடமாற்றம், பிள்ளையின் படிப்பு, புது வேலை என்று ஏதோ ஒரு காரணத்தோடு மாதத்துக்கு ஒருவராவது எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்து கொழும்பில் வீடு எடுப்பது பற்றிக் கேட்கிறார்கள். நான் ஆசிரியையாக அங்கே ஒன்பது வருடம் இருந்தவள். வெள்ளவத்தையில் இரண்டு வீடு, தெஹிவளையில் ஒன்று. சொன்னதையே திரும்பச் சொல்லிக் களைத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் போட்டிருக்கிறேன். வாடகை இவ்வளவு என்று நான் சொன்னால் அடுத்த மாதம் அது பொய்யாகிவிடும். ஆகவே கணக்குக் காட்டும் இடங்களில் வரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்.

ரீச்சர், கொழும்பில வீடு பாக்கிறதெண்டா முதல் எந்தப் பக்கம் போறது?

வேலைத்தலமும் பள்ளிக்கூடமும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் போவதுதான் புத்தி. ஆனால் யாரும் அப்படிப் போவதில்லை. எல்லாரும் வெள்ளவத்தையில்தான் தொடங்குகிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். இறங்கின இடத்தில் தமிழில் கதைக்கலாம், சந்தையும் கோயிலும் நடைதூரம், சைவ மங்கையர் வித்தியாலயம், இராமகிருஷ்ண மிஷன், எந்தக் கடையிலும் நமக்குத் தெரிந்த சாமான். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்கிறார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை கொழும்பு 6, பம்பலப்பிட்டி 4, கொட்டாஞ்சேனை 13, மட்டக்குளியும் முகத்துவாரமும் 15. மாநகர எல்லைக்கு வெளியே தெற்கே தெஹிவளை, கல்கிசை. வடக்கே வத்தளை, ஹெந்தளை. வேலை புறக்கோட்டை, துறைமுகப் பக்கம் என்றால் கொட்டாஞ்சேனையோ வத்தளையோ பாருங்கள். காலி வீதியோரம் வேலை என்றால் தெஹிவளை நல்லது: கரையோர ரயில் இருக்கிறது, 100, 101 பஸ் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு 141. பஸ் இலக்கத்தை ஏன் இப்போதே சொல்கிறேன் என்பது கார் பற்றிய கேள்வி வரும்போது விளங்கும்.

இந்த வாடகைக்கு எங்கட ஊரில வளவோட முழு வீடே எடுக்கலாமே?

எடுக்கலாம். அன்புவழிபுரத்திலோ பாலையூற்றிலோ கிணறும் தென்னையும் சேர்த்துக் கிடைக்கும். அந்த ஒப்பீட்டை ஊரிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். வீடு காட்ட வந்தவர் முன்னால் அதைச் சொன்னால் அவர் அடுத்த ஆளுக்கு ஃபோன் எடுத்துவிடுவார்.

கையில எவ்வளவு காசோட போகோணும்?

மாத வாடகையை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டு வருபவர்கள்தான் நடுத்தெருவில் நிற்கிறார்கள். ஒரு வீட்டுக்கு 90,000 ரூபா வாடகை என்று வையுங்கள். ஆறு மாத அட்வான்ஸ் கேட்டால் 540,000. முதல் மாத வாடகை 90,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்றால் இன்னும் 90,000. சாமான் ஒன்று ஏற்ற முன்னமே 720,000 போய்விட்டது. அதற்கு மேல் லொறிக்கூலி, ஒப்பந்தப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கூலி, யன்னல் திரை, காஸ் சிலிண்டர்.

சாமானைக் குறையுங்கள். நம்மூர்த் தேக்கு அலுமாரி அங்கே படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். என் சீதனக் கட்டிலின் ஒரு கால் அப்படித்தான் போனது. ஒரு பட்டா வண்டியில் அடங்குகிற அளவுதான் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்துவிட்டால், எதை விட்டுப் போவது என்ற சண்டை தானாக முடியும்.

அட்வான்ஸ் கழியுமா, கழியாதா?

இரண்டு விதமும் உண்டு, இரண்டுக்கும் பெயர் அட்வான்ஸ்தான். ஒன்று பாதுகாப்புக்காக வீட்டுக்காரரிடம் கிடந்து, நீங்கள் வீட்டை விடும்போது முழுதாகத் திரும்பி வருவது. மற்றது முன்கூட்டிக் கட்டிய வாடகை. மாதாமாதம் அதில் ஒரு பங்கு கழியும். எது என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டு, கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கழியாத அட்வான்ஸ் என்றால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எத்தனை நாளில் திருப்பித் தருவார்? பல வீட்டுக்காரர் அடுத்த குடித்தனக்காரரிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். நீங்களோ அடுத்த வீட்டுக்குக் கட்ட அந்தக் காசையே நம்பி நிற்பீர்கள். எங்களுக்கு ஒருமுறை இரண்டரை மாதம் இழுபட்டது.

புரோக்கர் இல்லாம வீடு தேடேலாதா?

முடியும், ஆனால் அங்கே ஒரு மாதமாவது நின்று தேட வேண்டும். ஊரிலிருந்து இரண்டு நாள் லீவில் போகிறவருக்குப் புரோக்கர்தான் கதி. அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை வரை கூலி கேட்பார்கள். வீடு காட்டுவதற்கே காசு கேட்பவரை விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கூலி.

தெரிந்தவர் வீட்டில் பத்து நாள் நிற்க முடிந்தால் நான் செய்ததைச் செய்யுங்கள். பின்னேரத்தில் லேன் லேனாக நடந்து, மூலையில் இருக்கும் பலசரக்குக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரியுங்கள். எந்த வீட்டில் ஆட்கள் கட்டில் ஏற்றுகிறார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். எங்கள் இரண்டாவது வீடு அப்படித்தான் வந்தது, கூலி ஒரு சோடா.

விளம்பரத்தில "பார்க்கிங் உண்டு" எண்டு போட்டிருக்கு. அது போதும்தானே?

போதாது. அந்த இரண்டு சொல்லுக்கு நான் ஒரு வருடம் விலை கொடுத்தேன்.

எங்கள் முதல் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு லேனில், மூன்றாம் மாடி. பார்க்கிங் இருந்தது, உண்மைதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. நாலாம் மாடி டொக்டரின் கார் உள்ளே சுவரோடு, எங்களுடையது அதன் வாயை அடைத்துக்கொண்டு முன்னால். கீழே காவலாளியின் சின்ன அறைச் சுவரில் ஒரு பலகை, அதில் ஆணி வரிசை, ஆணிக்கு ஒரு திறப்பு. எங்கள் திறப்பில் என் மகளின் உடைந்த சிவப்பு வளையலைக் கட்டியிருந்தேன், இருட்டிலும் தெரியட்டும் என்று. டொக்டர் விடிய நாலரைக்கு வெளிக்கிடுவார். காவலாளிக்குக் கார் ஓடத் தெரியாது. மணி அடிக்கும், என் கணவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போய்க் காரை லேனுக்கு எடுத்து, டொக்டர் போனதும் திரும்ப உள்ளே விட்டு, மேலே ஏறி வருவார். லிஃப்ட் இருந்தது, அந்த நேரத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

ஆகவே இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். தனி இடமா, பின்னால் இன்னொருவர் நிற்பாரா? இலக்கம் போட்டிருக்கிறதா, வந்தவர் வந்த இடத்தில் விடுவதா? தூணுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டால் கதவு திறக்குமா? வாடகைக்குள் அடங்குமா, தனிக் காசா? இடத்தின் இலக்கம் ஒப்பந்தத்தில் ஏறாவிட்டால் அது உங்கள் இடம் இல்லை.

எங்கட டொல்பின் வான் உள்ளுக்குப் போகுமா?

கட்டடத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் சந்தேகம். கீழ்த்தளப் பார்க்கிங் சிறிய கார்களை நினைத்துக் கட்டியது. உயரக் கூரை வானுக்கு உத்தரத்திலோ தண்ணீர்க் குழாயிலோ முட்டும். ஊரிலேயே நாடா எடுத்து வண்டியின் உயரத்தைக் கூரை ராக்கையோடு அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அங்கே இறங்குசரிவின் வாயில் மட்டும் அளந்தால் போதாது, உள்ளே மிகத் தாழ்வான குழாய் எங்கே போகிறதோ அங்கே அளக்க வேண்டும்.

இன்னொன்று, லேனுக்குள் திருப்ப முடியுமா என்றும் பாருங்கள். வெள்ளவத்தையில் சில லேன்கள் கடைசியில் மதிலோடு முடிகின்றன. உள்ளே போன வான் காலி வீதி வரைக்கும் பின்னுக்கு வர வேண்டும், அதுவும் பள்ளி விடுகிற நேரத்தில்.

பார்க்கிங் இல்லாத வீடு மலிவா இருக்கு. ரோட்டோரம் விட்டிட்டா என்ன?

நம் ஊரில் வேப்பமரம் கண்ட இடத்தில் விடுவோம், திரும்பி வரும்போது மான் ஒன்று அந்த நிழலில் படுத்திருக்கும், அதை எழுப்புவதுதான் பிரச்சினை. கொழும்பில் பெரிய வீதிகளில் பகலில் காசு கட்டித்தான் நிறுத்த வேண்டும். மாநகர சபையின் பெயரில் துண்டு தருவார்கள். துண்டு தராதவரிடம் காசு கொடுக்க வேண்டாம். தடை போட்ட இடத்தில் விட்டால் பொலிஸ் தண்டத் துண்டு எழுதும், சில நேரம் சில்லுக்குப் பூட்டும் விழும். தண்டத்தை 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டலாம். பிந்தினால் சிக்கல்.

லேனுக்குள் இரவில் விடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சட்டத்தை விட அயலவர்தான் பெரிது. மற்றவரின் கேட் வாசலில் ஒரு சில்லு நீட்டிக்கொண்டு நின்றாலும் விடிய உங்கள் கண்ணாடித் துடைப்பான் எழும்பி நிற்கும். அது முதல் எச்சரிக்கை. குப்பை வண்டியும் அம்புலன்ஸும் போக வழி இருக்க வேண்டும். ஒரு கிழமைக்கு அப்படிச் சமாளிக்கலாம், வருடக்கணக்கில் முடியாது.

பக்கத்து வளவில மாதக் காசுக்கு இடம் தருவினமாமே, உண்மையா?

உண்மை, பார்க்கிங் இல்லாத மலிவு வீடு எடுத்தவருக்கு இதுதான் நல்ல வழி. பழைய பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருப்பார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில், முற்றம் வெறுமையாகக் கிடக்கும். புரோக்கருக்கு இது தெரியாது. மேலே சொன்ன பலசரக்குக் கடையில்தான் கேட்க வேண்டும்.

இரண்டு விஷயம் பேசி முடியுங்கள். கேட்டை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், திறப்பு உங்களுக்கும் ஒன்று தருவார்களா? கேட்காமல் விட்டால் ஒருநாள் பத்தரைக்குக் கேட் முன்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்பீர்கள், அவர்கள் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நித்திரையாகியிருப்பார்கள். மற்றது மரம். மாமரத்துக்குக் கீழே விட்டால் வைகாசியில் தெரியும்.

மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருக்கு. அதுக்குமா இவ்வளவு யோசிக்கிறது?

இல்லை. படிக்கட்டுக்குக் கீழ், மதிலோரம் எங்காவது இடம் கிடைக்கும். முன்சில்லுக்குத் தனிப் பூட்டு வாங்குங்கள், ஹெல்மெட்டை மேலே கொண்டுபோங்கள்.

என்னட்ட ஆட்டோ இருக்கு, அங்க போய் ஓடலாமா?

ஓடலாம், ஆனால் கண்ட சந்தியில் நிறுத்திக்கொண்டு ஆள் பிடிக்க முடியாது. ஒவ்வொரு ஆட்டோ தரிப்பிடத்துக்கும் ஏற்கனவே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சேர்த்தால்தான் உண்டு. மேல் மாகாணத்தில் மீற்றரும் கட்டாயம். பிக்மி, ஊபர் செயலிகளில் ஓடினால் தரிப்பிடச் சண்டை குறையும். இரவில் வண்டியை விட இடம் தேடுவது காருக்குத் தேடுவது மாதிரித்தான்.

அப்ப காரைக் கொண்டு போறதா, விட்டிட்டுப் போறதா?

முதல் மூன்று மாதம் விட்டுவிட்டுப் போங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். கொழும்பில் கார் என்பது உங்களோடு வருகிற இன்னொரு குடித்தனக்காரர். அவருக்கும் சேர்த்து வாடகை, அவருக்கும் சேர்த்து அறை தேட வேண்டும். அவர் வரவில்லை என்றதும் பார்க்கக்கூடிய வீடுகள் கூடிவிடும். பார்க்கிங் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் மாதம் 20,000 ரூபா வித்தியாசம் என்று வைத்தால் வருடத்துக்கு 240,000. அந்தக் காசுக்கு எத்தனை ஆட்டோ ஓட்டம் வரும் என்று பாருங்கள். மூன்று மாதத்தில் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். தினமும் 141 பஸ் போதும் என்றால் கார் ஊரிலேயே நிற்கட்டும்.

கிளினிக் போகிற வயதான தாய் தகப்பன், கைக்குழந்தை, வண்டி இல்லாமல் நடக்காத வேலை: இவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பார்க்கிங்கை முதலில் பார்த்துவிட்டு அதற்கு மேல் என்ன வீடு இருக்கிறது என்று பாருங்கள்; அறை கொஞ்சம் சிறிதானால் பரவாயில்லை.

ஊரில் விடும் காரைச் சும்மா மூடிப்போட்டு வைக்க வேண்டாம். பற்றரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும். கிழமைக்கு ஒருதரம் யாராவது சீனக்குடா வரை ஓட்டிவிட்டு வரட்டும். அந்த யாராவது கலியாண வீடுகளுக்கும் எடுத்துக்கொண்டு போவார் என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மச்சம் காய்ச்ச விடமாட்டினமாம்? எங்களுக்கு மீன் இல்லாமச் சரிவராது.

சில வீட்டுக்காரர் சைவக்காரருக்கு மட்டும்தான் தருவார்கள், முக்கியமாகக் கீழே தாங்கள் இருந்து மேலே வாடகைக்கு விடுபவர்கள். அனெக்ஸ், அதாவது அவர்கள் வீட்டோடு ஒட்டின பகுதி என்றால் குசினிப் புகை அவர்கள் யன்னலுக்குத்தான் போகும். முதல் ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். ஒளித்துச் சமைக்க மீனை விட மோசமான சாமான் இல்லை. பாரைக் குழம்பு மூன்று லேனுக்கு மணக்கும்.

கேட்பது ஒன்றும் வெட்கமில்லை. "மீன் சமைப்போம், கருவாடு பொரிக்க மாட்டோம்" என்று பேசி வீடு எடுத்தவரையும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் கரண்டுக்கு அலகுக்கு இவ்வளவு எண்டு தனியாக் கேக்கிறார். குடுக்கலாமா?

ஒரே மீற்றரில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும் வீடுகளில் இது வரும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும். பிறகு 90, 120, 180 என்று படிகள். தனி மீற்றரில் 70 அலகு எரிக்கும் குடும்பம் 90-க்கு உட்பட்ட படியில் நிற்கும். அதே அளவு எரிக்கும் இரண்டு குடும்பம் ஒரு மீற்றரில் சேர்ந்தால் 140, இரண்டு பேருமே மேல் படிக் கட்டணம் கட்டுவார்கள். வீட்டுக்காரர் கூடக் கேட்பது எப்போதும் பேராசை என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

தனி மீற்றர் உள்ள வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் லாபம். இல்லையென்றால் உங்கள் பகுதிக்குச் சப் மீற்றர் பூட்டச் சொல்லி, உண்மையான பில்லைப் பார்த்து எரித்த விகிதப்படி பிரியுங்கள். அலகுக்கு ஒரே விலை என்று ஒத்துக்கொண்டால் கட்டணம் குறையும் மாதத்திலும் உங்களுக்குக் குறையாது. வீட்டுக்குள் போகிற அன்று மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள்.

மரைன் டிரைவ் பக்கம், கடலைப் பாத்தபடி ஒரு வீடு வந்திருக்கு. நாங்க கடலோட வளந்த ஆக்கள்தானே?

நாம் வளர்ந்த கடல் வேறு. நம்முடையது மாரியில் மட்டும் குழம்பும், வைகாசியிலிருந்து புரட்டாசி வரை குளம் மாதிரிக் கிடக்கும். கொழும்பில் அந்த மாதங்களில்தான் தென்மேல் பருவக்காற்று நேரே கரையில் அடிக்கிறது. உப்புத் துவானம் யன்னல் கொளுக்கி, ஏ.சி. வெளிப்பெட்டி, வெளியில் நிற்கும் கார் எல்லாவற்றையும் தின்னும். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதையும் இருக்கிறது. ரயில் சத்தம் ஒரு மாதத்தில் பழகிவிடும், உப்புப் பழகாது. மூடின பார்க்கிங் இருந்தால் எடுங்கள். காற்று நல்ல காற்று.

தெரிஞ்ச ஆள்தான். அக்ரிமன்ட் எழுதாம நம்பிக்கையில இருக்கலாமா?

தெரிந்த ஆள் என்பதால்தான் எழுத வேண்டும், பிறகும் தெரிந்த ஆளாக இருக்க வேண்டுமே. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு "ஒரு வருட ஒப்பந்தம்" என்று சொல்லிக்கொள்வது வழக்கம். சட்டத்தின் முன் அதற்கு அந்த ஒரு வருடப் பலம் கிடையாது. நொத்தாரிசுக் கூலி உங்களுக்கா அவருக்கா என்று பேசிப் பிரியுங்கள்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். வீட்டை விட எத்தனை மாதம் முன் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எந்த வகை, எத்தனை நாளில் திரும்பும், வாடகை எப்போது எவ்வளவு கூடும், பார்க்கிங் இலக்கம், குழாய் உடைந்தால் யார் செலவு. இவை இருக்கிறதா என்று பாருங்கள். போகும்போது "புதுப் பெயின்ற் அடித்துத் தர வேண்டும்" என்ற வரி எங்காவது கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

பொலிஸ் பதிவு இன்னும் இருக்கா? அம்மா கேட்டுக்கேட்டுப் பயப்படுறா.

வீட்டில் இருப்பவர்களின் விவரத்தைப் பொலிஸ் கேட்கலாம் என்பது 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது, 76 ஆம் பிரிவு. வீட்டுக்காரரிடம் படிவம் வரும். பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கொடுப்பீர்கள். கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராம சேவகரையும் ஒருமுறை நேரில் பார்த்து அறிமுகம் செய்துகொண்டால் பிறகு எந்தக் கடிதத்துக்கும் லேசு.

அம்மா பயப்படுவது சும்மா அல்ல. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் நின்ற தமிழர்களை விடியமுன் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு நிறுத்தியது. அந்த வயதுக்காரர்களுக்குப் படிவம் என்றாலே அந்த விடியல்தான் ஞாபகம். அவரிடம் சட்டப் பிரிவு சொல்லிப் பயனில்லை. படிவத்தைக் காட்டி, அதே படிவத்தைப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமும் நிரப்புகிறது என்று காட்டுங்கள்.

வாக்காளர் பதிவை அங்க மாத்தோணுமா?

பிள்ளையைக் கொழும்பில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தரம் 1-க்குச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கெதியாக மாற்றுங்கள். வதிவிடப் பிரிவில் புள்ளி போடும்போது முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர் பதியப்பட்ட குத்தகைப் பத்திரம் காட்ட வேண்டி வரும், நொத்தாரிசு பற்றிச் சொன்னது இங்கேயும் உதவும். கல்வி அமைச்சின் அந்தந்த வருடச் சுற்றுநிருபத்தை எடுத்து வாசியுங்கள், யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

வாடகைக்கு வந்தவரைத் தன் முகவரியில் பதிய விட வீட்டுக்காரர் தயங்குவார், வீட்டில் உரிமை கேட்பார்களோ என்று. வீடு பார்க்கும்போதே இதைப் பேசுங்கள். இரண்டு வருடத்தில் திரும்பி வரப்போகிறவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

தொடர்மாடியில எனக்கெண்டு தந்த இடத்தில வேற ஆள் காரை விடுறார். ஆரிட்டச் சொல்றது?

முதலில் காவலாளி, பிறகு உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் வாடகைக்காரர், கட்டடத்தை நடத்தும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில் குரல் இருப்பது சொந்தக்காரருக்கு. 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி பதிந்த கட்டடங்களில், வரைபடத்தில் ஒரு பார்க்கிங் குறிப்பிட்ட வீட்டோடு சேர்ந்ததாகவும் இருக்கலாம், எல்லாருக்கும் பொதுவானதாகவும் இருக்கலாம். பொதுவான இடத்தை வீட்டுக்காரர் "என்னுடையது" என்று உங்களுக்கு வாடகைக்குத் தந்திருந்தால் மற்றவரோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது. ஆகவே சண்டைக்கு முன்னால் வரைபடத்தைக் கேளுங்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒருவர் பூச்சட்டி வைத்து இடம் பிடித்தார். மறு கிழமை எல்லா இடத்திலும் பூச்சட்டி. கார்கள் லேனில்.

வீடு பாக்க எத்தினை மணிக்குப் போறது?

இரண்டு தரம் போங்கள். புரோக்கர் உங்களைப் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார், அப்போது கார் எல்லாம் வேலைக்குப் போயிருக்கும், லேன் அகலமாகத் தெரியும். அதே லேனை இரவு ஒன்பதுக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். விடிய ஆறரைக்குப் போக முடிந்தால் குழாயைத் திறந்து பாருங்கள், மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் என்றால் மதிலில் பழைய வெள்ளக் கோடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புதுப் பெயின்ற் முழங்கால் உயரத்துக்கு மட்டும் அடித்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

இங்கத்தைய வீட்டை வாடகைக்கு விட்டிட்டுப் போகலாமா?

விடலாம், பூட்டிக் கிடந்தால் கறையான்தான் குடியிருக்கும். நொத்தாரிசு பற்றிச் சொன்னது இப்போது உங்கள் பக்கமிருந்து பொருந்தும். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தை வாடகை தராதவரிடமிருந்தோ காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்தோ விரைவாக மீட்க வந்ததுதான். ஒழுங்கான பத்திரம் கையில் இருந்தால்தான் அந்தப் பக்கம் போகலாம். ஓர் அறையைப் பூட்டி உங்கள் சாமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேக்கு அலுமாரிக்கும் இடமாச்சு.

ஊரிலயிருந்து ஆக்கள் எங்களப் பாக்க வந்தா அவையின்ர வண்டிய எங்க விடுறது?

விருந்தாளிக்கென்று இடம் வைத்த கட்டடம் குறைவு, வைத்திருந்தாலும் அதில் குடியிருப்பவர்களின் இரண்டாவது கார்தான் நிற்கும். வருகிறவர்களை வண்டி இல்லாமல் வரச் சொல்லுங்கள். திருகோணமலையில் இரவு ரயில் ஏறினால் விடிய கோட்டையில் இறங்கலாம். அங்கேயே கரையோர ரயில் மாறி வெள்ளவத்தையில் இறங்கினால், சந்தை திறக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நிற்பார்கள். ஒரு பெட்டி நிறைய மீனோடு வருவார்கள், ஆகவே மேலே மச்சம் பற்றிச் சொன்னதை அவர்களுக்கும் முன்கூட்டியே ஒருக்கால் சொல்லி வையுங்கள்.